எல்லைக் காவல் என்றால் என்ன வேலை? நிலத்திலும் கடலிலும்

பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கும் ஒரு மாணவர் கேட்டிருந்தார்: "எல்லைப் பாதுகாப்புப் படையா, கடலோரக் காவல் படையா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். போர் இல்லாத நாளில் இவர்கள் உண்மையில் என்ன வேலை செய்கிறார்கள்? எல்லையைக் காப்பதற்கு நிலத்துக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று என்று எதற்கு இரண்டு படை?"

நான் 24 ஆண்டுகள் எல்லைப் பாதுகாப்புப் படையில் இருந்தவன். பஞ்சாப், ஜெய்சல்மேர், மேற்கு வங்கம் என்று மூன்று விதமான எல்லைகளில் நின்றிருக்கிறேன். கடல் பக்கம் எனக்குத் தெரிந்ததில் பாதி, ராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊரில் கடலோரக் காவல் படையில் இருந்த என் தம்பி, அதாவது சித்தப்பா மகன், சொல்லிக் கேட்டது. நாங்கள் இருவரும் விடுப்பில் ஊருக்கு வரும்போதெல்லாம் பேசிப் பேசி ஒன்று புரிந்துகொண்டோம். சுடுவதற்கான வேலை என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். எங்கள் நாளில் பெரும்பகுதி கவனிப்பதிலேயே போகும். வந்தவர் யார், எதற்கு வந்தார், வழி தவறியவரா, வேண்டுமென்றே வந்தவரா என்று தீர்மானிப்பதுதான் வேலையின் உயிர். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் அமைப்பு. எல்லைப் பாதுகாப்புப் படை ராணுவம் கிடையாது, உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருகிறது. பாகிஸ்தான், வங்கதேச எல்லைகள் இந்தப் படையிடம் இருக்கின்றன. வங்கதேச எல்லை மட்டுமே 4,096 கிலோமீட்டர். சீன எல்லைக்கு இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை, நேபாளத்துக்கும் பூடானுக்கும் சசஸ்திர சீமா பல், மியான்மருக்கு அசாம் ரைபிள்ஸ். கடலோரக் காவல் படை பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. பின்லாந்து போன்ற சில நாடுகளில் நிலத்தையும் கடலையும் ஒரே எல்லைப் படை பார்த்துக்கொள்கிறது. நம் நாட்டில் பிரித்து வைத்திருக்கிறோம்.

ஆனால் இரண்டு படைகளின் பிறப்பிலும் ஒரே மனிதர் இருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. 1965 வரை பாகிஸ்தான் எல்லையை அந்தந்த மாநிலப் போலீஸ்தான் பெரும்பாலும் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 9-ஆம் தேதி கட்ச் பகுதியில் சர்தார் போஸ்ட் என்ற காவல் சாவடியைப் பாகிஸ்தான் ராணுவம் தாக்கியது. மத்திய ரிசர்வ் போலீஸ் வீரர்கள் அசாத்தியமாக எதிர்த்து நின்றார்கள். ஆனாலும் எல்லைக்கென்றே பழக்கிய தனிப்படை வேண்டும் என்று அப்போது உறைத்தது. அந்த ஆண்டு டிசம்பர் 1-இல் எல்லைப் பாதுகாப்புப் படை உருவானது. அதன் முதல் தலைவர் கே.எஃப். ருஸ்தம்ஜி என்ற போலீஸ் அதிகாரி. 1974-இல் கடல் வழிக் கடத்தலைத் தடுக்க என்ன செய்யலாம் என்று ஆராய ஒரு குழு போட்டபோது அதற்கும் அவரையே தலைவராக்கினார்கள். அந்தக் குழுவின் பரிந்துரையில் 1977 பிப்ரவரி 1-இல் கடலோரக் காவல் படை தொடங்கியது. அடுத்த ஆண்டு அதற்கென்று சட்டமும் வந்தது. தொடங்கியபோது இருந்தவை 7 கலங்கள். அதில் இரண்டு ரோந்துப் படகுகளின் பெயர் பாம்பன், புலிகாட் (பழவேற்காடு). நம் ஊர்ப் பெயர்கள் என்பதில் என் தம்பிக்கு எப்போதும் பெருமை.

சரி, நிலத்துக்கு வருவோம்.

பஞ்சாப் எல்லைக்கு முதன்முதலில் போகிறவர்கள் எல்லாரும் ஒரு தவறைச் செய்வார்கள்: முள்வேலியைப் பார்த்து அதுதான் எல்லை என்று நினைத்துக்கொள்வார்கள். வேலி நம் மண்ணுக்குள் தள்ளியே போடப்பட்டிருக்கிறது. வங்கதேசப் பக்கம் எல்லைக் கோட்டிலிருந்து 150 கஜத்துக்குள் பாதுகாப்புக் கட்டுமானம் எதுவும் கூடாது என்று 1975-இல் இரு நாடுகளும் வகுத்த விதி இருக்கிறது. உண்மையான எல்லைக் கோட்டை நாங்கள் ஜீரோ லைன் என்போம். அங்கே இருப்பவை எண் போட்ட எல்லைத் தூண்கள் மட்டும்தான். ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் நடுவே இருப்பது வெறும் வயல். வேலிக்கும் அந்தக் கோட்டுக்கும் இடையில் கிடக்கும் நிலம் நம் விவசாயிகளின் சொந்த நிலம். கோதுமையும் நெல்லும் அங்கே விளைகின்றன.

அதனால் வேலியில் கதவுகள் உண்டு. காலையில் குறித்த நேரத்துக்குக் கதவைத் திறப்போம். விவசாயி அடையாள அட்டையைக் காட்ட வேண்டும், டிராக்டரைச் சோதிக்க வேண்டும், பெண்களைச் சோதிக்கப் பெண் காவலர் வேண்டும். 2009-இல் முதல் தொகுதிப் பெண் காவலர்கள் எல்லைக்கு வந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். அப்புறம் ஒரு காவல் குழு அவர்களோடு வயலுக்கே போகும். அவர்கள் வேலை செய்யும் வரை நாங்கள் வெயிலில் நிற்போம். மாலையில் போனவர் எண்ணிக்கையும் வந்தவர் எண்ணிக்கையும் சரியாக இருக்க வேண்டும். மோட்டார் போட மறந்துவிட்டேன் என்று ஒரு பெரியவர் இருட்டிய பிறகு கதவருகே வந்து கெஞ்சுவார். திறக்க முடியாது என்று சொல்வதற்கு மனம் வராது. ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும். அவருடைய நிலத்துக்குள் அவரே நேரம் கேட்டுப் போக வேண்டிய நிலைமை ஒவ்வொரு நாளும் எனக்கு உறுத்தியது.

கோடு கண்ணுக்குத் தெரியாது என்பது எங்களுக்கும் ஆபத்துதான். 2025 ஏப்ரலில் ஃபெரோஸ்பூர் பகுதியில் விவசாயிகளோடு போயிருந்த ஒரு ஜவான் கவனிக்காமல் ஜீரோ லைனைத் தாண்டிவிட்டார். பஹல்காம் தாக்குதலுக்கு மறுநாள் அது. பாகிஸ்தானின் எல்லைப் படையான ரேஞ்சர்கள் பிடித்துக்கொண்டார்கள். சாதாரண நாளாக இருந்தால் இரு பக்க அதிகாரிகளும் ஃபிளாக் மீட்டிங் வைத்துப் பேசி, சீக்கிரமே திருப்பி அனுப்பியிருப்பார்கள். அவர் திரும்பி வர மே 14 ஆகிவிட்டது. எல்லையில் சில அடி என்பது என்ன என்று அவர் குடும்பத்தைக் கேட்டால் தெரியும்.

இரவு வேலை வேறு உலகம். அதற்கு நாக்கா என்று பெயர். இரண்டு மூன்று பேர் ஓரிடத்தில் விளக்கில்லாமல், பேச்சில்லாமல் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். டிசம்பர், ஜனவரியில் பஞ்சாபில் இறங்கும் பனிமூட்டத்தில் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவரே தெரியமாட்டார். வேலியோரம் வரிசையாக எரியும் விளக்குகள் வெறும் மஞ்சள் புகையாகிவிடும். அப்போது காதுதான் கண். கரும்புத் தோட்டத்தில் சலசலப்பு கேட்டால் அது காட்டுப்பன்றியா, ஆளா என்று ஒலியை வைத்தே பிரித்தறியப் பழக வேண்டும். பன்றி நின்று நின்று மேயும். ஆள் நின்றால் அமைதியாகிவிடுவான், பிறகு ஒரேயடியாக நகருவான். வெப்பத்தைக் காட்டும் கேமராக்கள் இப்போது இருக்கின்றன. கடும்பனியில் அவையும் தடுமாறும்.

2019-க்குப் பிறகு ஒலி கேட்கும் வேலை இன்னும் கூடிவிட்டது. பஞ்சாப் எல்லையில் ஹெராயினும் துப்பாக்கியும் டிரோனில் வரத் தொடங்கின. இருட்டில் மேலே ஒரு ரீங்காரம் கேட்கும். எந்தத் திசையிலிருந்து வந்தது, எங்கே நின்றது, எவ்வளவு நேரத்தில் திரும்பியது என்று குறித்துக்கொண்டு விடிந்ததும் வயல் வயலாகத் தேட வேண்டும். டேப் சுற்றிய சிறு பொட்டலம், அதில் இருட்டில் ஒளிரும் ஒரு குச்சி. இப்படித்தான் பெரும்பாலும் கிடைக்கும். வேலியைக் கட்டியபோது வானத்துக்கு வேலி போட வேண்டிவரும் என்று யாரும் நினைக்கவில்லை.

எனக்கு இந்த வேலையிலேயே மிகப் பிடித்தது ராஜஸ்தானில் கற்றுக்கொண்ட குரா, அதாவது காலடித் தடம் பார்ப்பது. வேலியை ஒட்டி ஒரு பட்டை மண்ணை மாலையில் இழுத்துச் சமப்படுத்தி வைப்போம். காலையில் அதன் மேல் என்ன பதிந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். நரி, ஒட்டகம், பாம்பு எல்லாம் எழுதிவிட்டுப் போயிருக்கும். மனிதத் தடம் இருந்தால் அது எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் கேள்வி. ஏமாற்றுவதற்காகப் பின்புறமாக நடப்பவர்கள் உண்டு. அப்படி நடந்தால் அடிகளுக்கு இடையிலான தூரம் குறையும், குதிகாலை விட முன்பாதம் அழுத்தமாகப் பதியும். சுமையோடு வந்தவனின் தடம் ஆழமாக இருக்கும். கட்ச், தார்ப் பாலைவனத்தில் இதைப் பரம்பரையாகச் செய்யும் ஊர்க்காரர்களைப் பகி என்று அழைப்பார்கள். அவர்களோடு ஒரு மாதம் நடந்தால் எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் கிடைக்காததைக் கற்றுக்கொள்ளலாம். ஜெய்சல்மேரின் ஷாகர் பகுதியில் மணல்மேடுகளே இடம் மாறும். ஒரே புயலில் வேலியின் பாதி மண்ணுக்குள் போய்விடும். கோடையில் 50 டிகிரியைத் தொடும் வெயிலில் அந்த மணலை அள்ளுவதும் எல்லைக் காவல்தான்.

வங்கம் அப்படியே எதிர். பாலைவனத்தில் ஆளே இல்லை என்பது கஷ்டம்; வங்கத்தில் எல்லாப் பக்கமும் ஆள் என்பது கஷ்டம். ஜீரோ லைன் வரை வீடுகள், குளங்கள், சணல் வயல்கள். இரு பக்கமும் ஒரே மொழி, பல குடும்பங்களுக்கு இரு பக்கமும் உறவு. 2015 வரை ஒரு நாட்டுக்குள் இன்னொரு நாட்டின் துண்டுத் துண்டு நிலங்கள் கிடந்தன. அந்த ஆண்டில்தான் 111 இந்தியத் துண்டுகள் வங்கதேசத்துக்கும் 51 வங்கதேசத் துண்டுகள் நமக்கும் மாறின. ஆறும் சும்மா இருக்காது. பத்மா ஒரு வெள்ளத்தில் திசை மாறினால் நேற்று நின்ற எல்லைத் தூண் இன்று தண்ணீருக்குள் போய்விடும், புதிதாக ஒரு மணல்திட்டு எழும், அது யாருடையது என்று மறுநாளே பேச்சு தொடங்கும். மாடுகளை வாழைத்தண்டோடு கட்டி இரவில் ஆற்றில் மிதக்கவிட்டுக் கடத்துவார்கள். இருமல் மருந்துப் புட்டிகள் அந்தப் பக்கம் போகும், தங்கம் இந்தப் பக்கம் வரும்.

இங்கேதான் ஆளை அடையாளம் காணும் வேலை மிகக் கடினமாகிறது. இருட்டில் வேலியருகே அசையும் உருவம் கடத்தல்காரனாக இருக்கலாம். வேலை தேடி வந்த கூலியாக இருக்கலாம், உடம்புக்கு முடியாத அம்மாவைப் பார்க்கப் போகிற மகளாகவும் இருக்கலாம். 2011 ஜனவரியில் கூச்பிஹார் பகுதியில் வேலியைத் தாண்டிய 15 வயதுச் சிறுமி ஒருத்தி சுடப்பட்டு, அவள் உடல் அந்த வேலியிலேயே மணிக்கணக்கில் தொங்கியது. அந்தப் படத்தை மறக்க முடியாது. மறக்கவும் கூடாது என்று நினைக்கிறேன். உயிரைப் பறிக்காத பம்ப் துப்பாக்கிகள் அந்த எல்லையில் அதிகமாக வந்தது அந்தக் காலகட்டத்தில்தான். அதே சமயம், வெட்டரிவாளோடு இருட்டிலிருந்து பாய்ந்த கும்பலால் கை, கால் இழந்த தோழர்களையும் நான் பார்த்திருக்கிறேன். இரண்டும் உண்மை. சேருவதற்கு முன்னால் இரண்டையும் தெரிந்துகொள்ளுங்கள்.

பிடித்த பிறகு என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குச் சோதிக்க, கைப்பற்ற, கைது செய்ய அதிகாரம் உண்டு. 2021 அக்டோபர் ஆணைப்படி பஞ்சாப், மேற்கு வங்கம், அசாமில் எல்லையிலிருந்து 50 கிலோமீட்டர் உள்ளே வரை அது செல்லும். ஆனால் விசாரித்து வழக்கு நடத்துவது போலீஸோ சுங்கத் துறையோதான். நேரம், இடம், கைப்பற்றிய பொருள் எல்லாவற்றையும் தவறில்லாமல் எழுதித் தருவது எங்கள் கையில் இருக்கிறது. இரவெல்லாம் விழித்துப் பிடித்த ஆள் மோசமாக எழுதிய ஒரு மகஜரால், அதாவது கைப்பற்றல் அறிக்கையால், வெளியே வந்துவிடுவான்.

நிலப்படை என்று சொன்னேன். ஆனால் அந்தப் படைக்கும் தண்ணீர்ப் பிரிவு உண்டு. குஜராத்தில் சர் க்ரீக், வங்கத்தில் சுந்தரவனம் இரண்டும் சேறும் ஓதமுமான இடங்கள். கரையில் சாவடி கட்ட முடியாது. அதனால் கப்பலையே சாவடியாக்கி நிறுத்தியிருக்கிறார்கள். கொச்சியில் கட்டி, 2022-இல் சுந்தரவனத்தில் சேர்த்த மிதக்கும் சாவடிகளில் ஒன்றின் பெயர் காவேரி.

இனி கடல்.

நிலத்தில் தூணாவது இருக்கும். கடலில் ஒன்றுமே இல்லை. சட்டமும் வேறு. நிலத்தில் அனுமதியில்லாமல் கோட்டைத் தாண்டினாலே குற்றம். கடலில் கரையிலிருந்து 12 கடல் மைல் வரை நம் கடல் என்றாலும், தீங்கில்லாமல் கடந்து போகும் வெளிநாட்டு வணிகக் கப்பலுக்கு வழி உண்டு. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். 24 மைல் வரை சுங்கம், குடியேற்றம் போன்றவற்றுக்காகத் தடுத்துக் கேட்கலாம். 200 மைல் வரை மீனும் எண்ணெயும் நம்முடையவை, கப்பல் போக்குவரத்து எல்லாருக்கும் பொது. ஆகவே ஒரு கப்பலைப் பார்த்ததும், எந்த மண்டலத்தில் இருக்கிறது, அங்கே எனக்கு என்ன அதிகாரம் என்பதுதான் ரோந்துக் கப்பலின் அதிகாரிக்கு முதல் யோசனை. துரத்துவதற்கும் விதி உண்டு. நம் பகுதியில் தொடங்கி விடாமல் துரத்தினால் வெளிக்கடலிலும் பிடிக்கலாம். தப்பிய கப்பல் இன்னொரு நாட்டின் 12 மைலுக்குள் நுழைந்துவிட்டால் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

சோதனை எப்படி நடக்கும் என்று தம்பியிடம் கேட்டிருக்கிறேன். முதலில் வி.எச்.எஃப். ரேடியோவின் 16-ஆம் சேனலில் கூப்பிடுவார்கள்: எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய், என்ன சரக்கு, எத்தனை பேர். பதிலில் தயக்கம் இருந்தால் சிறு படகில் போய் ஏறுவார்கள். இரண்டு கலமும் அலையில் ஒன்று ஏற, ஒன்று இறங்கும். நடுவில் கால் சிக்கினால் போச்சு. ஏறியதும் முதலில் மூக்குதான் வேலை செய்யும் என்றான். மீன் வாடை இல்லாத மீன்பிடிப் படகு, நனையாத வலை, ஐஸ் இல்லாத ஐஸ் பெட்டி, படகின் அளவுக்குப் பொருந்தாத டீசல். காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கும், படகு உண்மையைச் சொல்லிவிடும். நான் மணலில் தடம் பார்த்தேன், அவன் படகில் தடம் பார்த்தான்.

பாக் நீரிணை அவர்களுக்குத் தனிப் பாடம். 1974 ஒப்பந்தத்தில் இழுத்த கடல் எல்லைக் கோடு ராமேஸ்வரத்திலிருந்து சில மணி நேரப் பயணத் தூரத்தில் இருக்கிறது. கச்சத்தீவு கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. தாத்தா காலத்திலிருந்து மீன் பிடித்த இடம் என்று மீனவர் சொல்வார், ஜி.பி.எஸ். கருவி கோட்டைக் காட்டும். எஞ்சின் நின்றால் நீரோட்டம் படகை இழுத்துக்கொண்டு போகும். இலங்கைக் கடற்படை பிடித்தால் மாதக்கணக்கில் சிறை, படகும் போகும். கோட்டருகே நின்று திரும்புங்கள் என்று சொல்லும் கடலோரக் காவல் படை வீரர் மீனவரின் கண்ணில் தடுப்பவராகத்தான் தெரிகிறார். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. வாழ்வு மீனில் இருக்கிறது. இந்தச் சிக்கலை ரோந்துப் படகு தீர்க்க முடியாது.

கடலும் அங்கே ஆழமில்லாதது, பெரிய கப்பல் போகாது. அதனால் மண்டபத்தில் ஹோவர்கிராஃப்ட் வைத்திருக்கிறார்கள். தண்ணீர், மணல், சேறு எதன் மேலும் ஓடும். 2022 மார்ச்சில் இலங்கையில் பொருளாதாரம் சரிந்தபோது கைக்குழந்தைகளோடு வந்த தமிழர்களைப் படகுக்காரர்கள் தனுஷ்கோடிக்கு அப்பால் ஒரு மணல்திட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். உணவில்லை, நிழலில்லை. அவர்களை மீட்டு வந்தது அந்த ஹோவர்கிராஃப்ட்தான். சட்டப்படி அனுமதியில்லாமல் எல்லை தாண்டியவர்கள். ஆனால் அந்த நிமிடத்தில் முதலில் கொடுக்க வேண்டியது தண்ணீர். அடுத்த ஆண்டே அதே கடலில் வேறு காட்சி. ரோந்துப் படகைக் கண்டதும் கடத்தல்காரர்கள் தங்கத்தைக் கடலில் வீசிவிட, வருவாய்ப் புலனாய்வுத் துறையோடு சேர்ந்து முக்குளிப்பவர்களை இறக்கிக் கிலோ கிலோவாக எடுத்தார்கள். கடல் அட்டை கடத்தலும் அங்கே ஓயாத தலைவலி.

2008 நவம்பர் 26-க்குப் பிறகு எல்லாம் இறுகியது. மும்பையைத் தாக்கிய 10 பேர் நடுக்கடலில் கைப்பற்றிய குபேர் என்ற இந்திய மீன்பிடிப் படகில்தான் வந்தார்கள். அதன் பிறகு கரையோர ரேடார்கள், படகுகளுக்கு மாநிலவாரியாக வண்ணம், மீனவர்களுக்கு அடையாள அட்டை எல்லாம் வந்தன. ஆயினும் ரேடாரை விடப் பெரிய கண் மீனவர்தான். பழக்கமில்லாத படகு ஒன்று தன் பாட்டில் நிற்பதை அவர்தான் முதலில் பார்ப்பார். அவர் கடலோரக் காவல் படையின் உதவி எண்ணான 1554-ஐ அழைப்பாரா, மாட்டாரா என்பது, நேற்று அவரிடம் நாம் எப்படிப் பேசினோம் என்பதைப் பொறுத்தது. தமிழ் தெரிந்தவர்கள் அந்தக் கப்பல்களில் இன்னும் நிறைய இருக்க வேண்டும் என்று நான் விரும்புவதற்கு இதுதான் காரணம்.

உயிர் காப்பதுதான் கடல் பக்கத்தின் பெரிய வேலை. நம் பொறுப்பில் இருக்கும் தேடல் பகுதி 46 லட்சம் சதுர கிலோமீட்டர். மும்பை, சென்னை, ஸ்ரீ விஜயபுரம் (முன்பு போர்ட் பிளேர்) மையங்கள் பார்த்துக்கொள்கின்றன. படகு காணவில்லை என்றால் கடைசியாக இருந்த இடம், காற்று, நீரோட்டம் மூன்றையும் வைத்து இப்போது எங்கே மிதந்துகொண்டிருக்கும் என்று கணக்குப் போடுவார்கள். ஒவ்வொரு மணி நேரமும் தேட வேண்டிய பரப்பு விரியும். 2017 ஒக்கிப் புயலில் ஆழ்கடலில் இருந்த கன்னியாகுமரி மீனவர்களுக்கு எச்சரிக்கையே போய்ச் சேரவில்லை. திரும்பாதவர்களின் வீடுகள் இன்றும் அந்தக் கரையில் இருக்கின்றன. கரையிலிருந்து படகுக்கும் செய்தி போக வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் எல்லாருக்கும் உறைத்தது. 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் சாய்ந்தபோது 24 பேரும் பிழைத்தார்கள். 21 பேரைக் கடலோரக் காவல் படையும் 3 பேரைக் கடற்படையும் எடுத்தன. கப்பல் 640 கொள்கலன்களோடு மூழ்கியது. ஆட்களை மீட்டதோடு முடியவில்லை; எண்ணெய்ப் படலத்தைக் கட்டுப்படுத்துவதும் அதே படையின் பொறுப்பு.

இனி உங்கள் தேர்வு. காவலர் பணிக்குப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் ஜி.டி. (பொதுப் பணி) தேர்வை 2024 முதல் தமிழிலேயே எழுதலாம். அதிகாரியாக வேண்டும் என்றால் யு.பி.எஸ்.சி. நடத்தும் உதவி கமாண்டன்ட் தேர்வு. கடலோரக் காவல் படை தானே ஆள் எடுக்கிறது. நாவிக் (மாலுமி) பொதுப் பிரிவுக்கு 12-ஆம் வகுப்பில் கணிதமும் இயற்பியலும் வேண்டும், பயிற்சி ஒடிசாவின் சில்காவில். எங்கள் படையில் தனிமையும் தூக்கமின்மையும் அதிகம், வீட்டை விட்டு வெகுதூரம். கடலில் முதல் சில மாதம் வாந்தியிலேயே போகும் என்றான் தம்பி, பிறகு பழகிவிடுமாம். எதில் சேர்ந்தாலும் இந்தியை இப்போதே கொஞ்சம் பேசிப் பழகுங்கள். முதல் ஆறு மாதம் எனக்கு அது தெரியாமல், கதவருகே நின்ற அந்த விவசாயிகள் என்ன கேட்கிறார்கள் என்றே புரியவில்லை. கடல் பக்கம் என்றால், விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் நீச்சல் கற்றுக்கொண்டுவிடுங்கள்.